தூண்டிலுக்குச் சிப்பி

முன்பெல்லாம் மும்பையின் மாஹிம் கடற்கரைப் பாறைகளில் விஜயராணி சிப்பி பெயர்த்துத் தருவாள். கணவர் பூலோகம் அதைப் பிளந்து, சதையைத் தூண்டிலில் கோப்பார். "வாய் மட்டும் நல்லாத் தொறக்கும், சிப்பி தொறக்க வராதோ?" என்று சீண்டுவார்.

அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஞாயிறுதோறும் அவள் தனியாகத்தான் மீன் பிடிக்க வருகிறாள். பெயர்த்த சிப்பிகளைப் பாறையில் வைத்துவிட்டுத் தூண்டிலை எடுத்துத் திரும்பினால், அவை பிளந்திருக்கும்.

இன்று பத்துச் சிப்பிகளை வைத்தாள்.

"வீட்டக் காலி பண்ணியாச்சு. நாளைக்கு மவன்கூட பாண்டுப்புக்குப் போறேன். இனிமே வர முடியாது, கேட்டீளா? விட்டுட்டுப் போறாளேன்னு நெனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தூண்டிலை எடுத்தாள்.

திரும்பியபோது பத்தும் பிளந்திருந்தன. அப்பால், கடல் வற்றிய பாறைகளில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒட்டியிருந்த சிப்பிகளும் ஒன்றுவிடாமல் பிளந்திருந்தன.