வீட்டோடு மாப்பிள்ளை

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனேன். மாமனார் சேர்த்துக்கொண்டார், வீடுதான் சேர்த்துக்கொள்ளவில்லை. கதவு முதல் காபி மெஷின் வரை ஓட்டுவது அவர் எப்போதோ போட்டுவைத்த இலவச மென்பொருள். புதிய ஆளைப் பதியும் இணைப்பைத் தொட்டால் 'பக்கம் இல்லை' என்கிறது. 'ஞாயிற்றுக்கிழமை சரிசெய்கிறேன்' என்று அந்த மென்பொருளை எழுதியவர் சொல்லிப் பதினோரு வருடமாகிறது.

மூன்று மாதம் வாசலில் நின்றேன். கடைசியில், லேப்டாப்பிலிருந்து தலை நிமிராத என் மனைவி சுகந்தி, செத்துப்போன நாய் ஜிம்பாவின் கணக்கில் என் முகத்தை ஏற்றினாள். கதவு திறந்தது.

அன்று முதல் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு வீடு அவள் லேப்டாப்பை அணைத்துவிட்டு, "ஜிம்பாவ வாக்கிங் கூட்டிட்டுப் போங்க" என்கிறது. முதலில் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். இப்போது பேசிக்கொண்டே வருகிறாள்.

நேற்று அந்த இணைப்பு வேலை செய்தது. "இனி மனுஷனாவே பதிஞ்சிடலாங்க" என்றாள்.

"என்ன அவசரம்?" என்றேன். மணி ஐந்து இருபது.