பெரியவரின் பின்னால்

மெக்கானிக் மரியசூசை மறுபடியும் சாவியைத் திருப்பினார். நான் இருமினேன், அவ்வளவுதான். வாசலில் காயலான் கடை லாரி காத்திருந்தது. இன்று நான் ஓடாவிட்டால் அதில் ஏற வேண்டும்.

பக்கத்தில், என்னைவிட முப்பது வருஷம் மூத்த கறுப்புக் கார் ஹேண்டில் போட்டுச் சுற்றியதுமே கிளம்பி நின்றது. ஒரு வாரமாக அவரைத்தான் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். "கிழவரே, உமக்கு ஏசி உண்டா? பட்டனை அழுத்தினால் கண்ணாடி இறங்குமா? ரோட்டில் குறுக்கே வந்தால் ஹாரன் அடித்தே ஓரங்கட்டிவிடுவேன்."

"இப்ப அந்தப் பட்டனை அழுத்திப் பாரேன், தம்பி" என்றார் அவர்.

என் கண்ணாடி போன மழைக்காலத்தில் இறங்கியது, இன்னும் ஏறவில்லை. பின்சீட்டில் காளான் முளைத்திருக்கிறது.

மரியசூசை என் மூக்கில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை கறுப்புக் காரின் பின் பம்பரில் மாட்டினார். அவரை ஓட்ட மரியசூசையின் மனைவி ஏறிக்கொண்டார், என்னை ஓட்ட மரியசூசை.

"கூச்சமா இருக்கா?" என்றார் கறுப்புக் கார்.

"இல்லே, அண்ணே" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"என்னை ஒரு தடவை மாடு இழுத்திருக்கு. வழியெல்லாம் சாணி. நான் புகைதான் விடுவேன், பொறுத்துக்கோ."

பாலத்து இறக்கத்தில் என் எஞ்சின் உறுமியது. கயிற்றை அவிழ்த்தார்கள். பெரியவர் நடுரோட்டில் மெதுவாக உருண்டார். காயலான் கடை லாரி காலியாகப் பின்னால் வந்து, வழி கேட்டு விடாமல் ஹாரன் அடித்தது. வலதுபக்கம் ரோடு திறந்து கிடந்தது.

நான் புகையை விழுங்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.