மொட்டைத் தடியன்

“இவனெல்லாம் ஒரு எதிரியா? த்தூ!”

காளை விட்ட உதையில் கத்திக்காரன் சுருண்டு விழுந்தான். டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் புதுசாக வந்திருந்த வீடியோ கேம் கடை அது. பெட்டியின் திரையில் அடியாட்கள் ஒவ்வொருத்தனாக வந்து அடிவாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் விருமாண்டி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். காளையின் பெண்டாட்டிக்கு உடன்பிறந்த தம்பி. நாளைக்குக் கொட்டாம்பட்டியில் அவனுக்குப் பரிசம். சேலை எடுக்க மதுரைக்கு வந்த இடத்தில்தான் இந்த வம்பை விலைக்கு வாங்கினான்.

“மச்சான், என் சேக்காளிக வாடிப்பட்டியிலருந்து வந்து ஆடி, அம்புட்டுப் பேரும் தோத்துட்டாய்ங்க. கடைசியா வர்ற மொட்டைத் தடியனை எவனாலயும் சாய்க்க முடியாதாம்” என்று கடைக்குள் நுழைந்ததுமே வாயை விட்டிருந்தான்.

காளைக்குப் பொறுக்குமா? “நான் சாய்ச்சா உன் மீசையை எடுத்துரணும். சாய்க்காட்டி என் மீசையை எடுத்துக்க” என்றான். மீசையைப் பந்தயத்தில் வைத்துவிட்டால் நம்மாட்களுக்குப் பின்வாங்கத் தெரியாது. புத்தி அம்புட்டுத்தான்.

கடைக்காரன் கண்ணுச்சாமி காசை வாங்கிக்கொண்டு ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். காளை அதை பஸ் டிக்கெட்டைப் போலப் பத்திரமாக மடியில் முடிந்துகொண்டு, பெட்டியின் கம்பியைப் பிடித்தான்.

“பாத்தியா மாப்ள! ஒருத்தன் விழுகுற மட்டும் அடுத்தவன் ரேஷன் கடையில நிக்கிற மாதிரி நிக்கிறான். கூட்டமா வந்து அமுக்க வேணாம்? இந்தா, இவன் கத்தியை ஓங்கிக்கிட்டு எப்படா அடிப்பான்னு காத்துக் கெடக்கான். இவிங்கள உண்டாக்குனவன் ஒரு தெருச் சண்டையாச்சும் பாத்திருப்பானா? எங்க ஊருச் சேவலுக்கு இருக்கிற ரோசம்கூட இல்ல.”

சொல்லிக்கொண்டே கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் மீசையை முறுக்கினான். திரையில் இன்னொருத்தன் விழுந்தான்.

மொட்டைத் தடியன் வந்தான். விருமாண்டிக்கு உயிர் வந்தது. “இப்பப் பாருங்க மச்சான்!”

என்னத்தைப் பார்க்க? அம்புட்டுப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, வந்தவன் முதுகைக் காட்டித் திரும்பினான். காளை பொத்தானை நாலு குத்துக் குத்தினான். தடியன் தொப்பென்று விழுந்தான். திரையில் இங்கிலீஷ் எழுத்து பெரிசாக மின்னியது.

“ஜெயிச்சுட்டேன்னு போடுறான் பாரு. இந்தச் சோத்து மூட்டைக்கா உன் சேக்காளிக தோத்தாய்ங்க? வெக்கக்கேடு! போ, போயி மீசையை எடுத்துட்டு வா.”

“மச்சான், விடிஞ்சாப் பரிசம். பொண்ணு வீட்டுல கைகொட்டிச் சிரிப்பாக. பரிசம் முடியவும் எடுத்துக்கிறேனே?” விருமாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

“சொன்ன சொல்லுல நிக்க முடியல, உனக்கெல்லாம் ஒரு பொண்ணு!”

அதற்கு மேல் நிற்பானா? விறுவிறுவென்று எதிர்த்த சலூனுக்குள் போனான். திரும்பி வந்தபோது மேலுதடு உரித்த கோழி மாதிரி இருந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றான். காளை விழுந்து விழுந்து சிரித்தான்.

டீ குடித்துவிட்டுக் கண்ணுச்சாமி வந்தான். காளை மடியை அவிழ்த்து வில்லையை எடுத்து, பெருந்தன்மையாக அவன் கையில் வைத்தான்.

“இந்தா தம்பி, உன் டிக்கெட்டு. ஆடி முடிச்சாச்சு. அடுத்த தடவையாச்சும் நல்ல ஆம்பளையா நாலு பேரை உள்ள விடச் சொல்லு.”

கண்ணுச்சாமி வில்லையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். அங்கே மொட்டைத் தடியன் மறுபடியும் வந்து முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டிருந்தான்.

“மிஷினு அதுபாட்டுக்கு ஆடிக் காட்டுதுண்ணே. இந்த வில்லையை உள்ள போட்டாத்தான் உங்க ஆட்டமே ஆரம்பிக்கும்!”