முந்நூற்று நாற்பது டன்

கையெழுத்துப் போட மாட்டேன் என்று மூன்றாவது தடவையாகச் சொன்னேன்.

தலைமைப் பொறியாளர் கோபப்படவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். எப்போதும் விறைப்பாகவே நிற்பதால் அலுவலகத்தில் அவருக்கு அடிக்கோல் என்று பெயர். இன்று காலை அந்த அடிக்கோல் என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கெஞ்சாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தது.

எனக்கும் ஒரு பெயர் உண்டு. தராசு. வரைவாளர்கள் வைத்தது.

கப்பலில் ஏறும் ஒவ்வொரு பொருளின் எடையையும் கூட்டிப் பார்ப்பது என் வேலை. பீரங்கியையும் கொதிகலனையும் யாரும் மறக்க மாட்டார்கள். ஆணித் தலைகளை மறப்பார்கள். பூசுகிற சாயத்தை மறப்பார்கள். சாயம் மட்டுமே எண்பது டன் வரும் என்றால் நம்பாமல் சிரிப்பார்கள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். கூட்டல் சரி என்று வரைபடத்தின் அடியில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அது நகல் எடுக்கும் அறைக்குப் போகும்.

இது ஒரு க்ரூசர், போர்க்கப்பல். யுத்தம் முடிந்தபின் நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தப்படி இதன் எடை பத்தாயிரம் டன்னைத் தாண்டக் கூடாது. அதற்குள் பெரிய பீரங்கிகள் எட்டு வேண்டுமாம். மணிக்கு முப்பத்தாறு கடல் மைல் ஓடவும் வேண்டுமாம். ஆசைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

நான் கூட்டியதில் முந்நூற்று நாற்பது டன் அதிகம் வந்தது. பீரங்கியைக் குறையுங்கள், இல்லாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.

அடிக்கோல் இரண்டையும் தொடவில்லை. கப்பலின் நடுப்பகுதித் தகடுகளை ஓர் அங்குலத்திலிருந்து அரை அங்குலமாக்கிவிட்டார். எடை கச்சிதமாகப் பத்தாயிரத்துக்குள் வந்துவிட்டது.

என் வேலை எடையோடு முடிகிறது. ஆனால் எது எங்கே எவ்வளவு கனக்கிறது என்று தெரிந்தவளுக்கு, கப்பல் எங்கே வளையும் என்பதும் தெரியும். நேற்று சாப்பாட்டு இடைவேளையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழு வேகத்தில் போகும்போது ஒரு பெரிய அலை நடுவில் தூக்கினால் போதும், இரண்டாம் புகைபோக்கிக்குப் பக்கத்தில் பிளந்துவிடும். எதிரியே வேண்டாம். ஒரு புயல் போதும்.

அந்தப் புகைபோக்கிக்குக் கீழேதான் கொதிகலன் அறை.

என் அண்ணன் வேலை பார்த்தது அப்படி ஓர் அறையில்தான். யுத்தத்தில் பக்கத்து நாட்டுக் கப்பல் சுட்ட குண்டு நேராக அதற்குள் இறங்கியது. செய்தியை வீட்டுக்கு வந்து சொன்னவர் இதே அடிக்கோல். அன்றைக்கு அண்ணி உட்கார்ந்த இடத்தைவிட்டுச் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

கையெழுத்துப் போடாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார் அடிக்கோல். மெதுவாகத்தான் சொன்னார். வீட்டில் அம்மா, அண்ணி, அண்ணன் மகள், மூன்று பேருக்கும் என் சம்பளம்தான். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் தலைகீழாக நின்றாலும் நடக்காது என்றேன். வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள், ஊரில் பேனா பிடிக்கிறவர்களுக்கா பஞ்சம் என்றும் சேர்த்துச் சொன்னேன். என் வாய் அப்படி.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இதை நாம கட்டப் போறதே இல்லம்மா. நகல் எடுக்கிற இடத்துல ஒருத்தன் பக்கத்து நாட்டுக்கு வித்துக்கிட்டிருக்கான், தெரிஞ்சேதான் விட்டு வச்சிருக்கோம். அவங்க இதைக் கட்டணும். உன் கையெழுத்து இருந்தாத்தான் நம்புவாங்க.”

பத்து வருடமாக ஒரு டன்னுக்குக்கூட மசிந்து கொடுக்காமல் நான் எடுத்த பெயரை, இந்த மனிதர் தூண்டில் புழுவாக்கப் பார்க்கிறார்.

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது. அவர்களுடைய கப்பல் நடுக்கடலில் இரண்டாகப் போவதை நினைத்தபோது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றியது.

சொன்னால் அண்ணி என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அதில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்பாள்.

எழுநூறு பேர். ஆட்களின் எடையையும் நான்தான் கூட்டியிருந்தேன். அதில் நூற்றுச் சொச்சம் பேர் கொதிகலன் அறையில்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர்மேல், விற்கிறவன்மேல், ஒரு நிமிஷம் இனித்துப்போன என்மேல்.

வரைபடத்தை என் பக்கம் இழுத்தேன். நாலு பேர் சேர்ந்து மூன்று வாரமாக மெழுகுத் துணியில் மையால் இழுத்தது. மை இறங்கிவிட்டால் பிளேடால் சுரண்டினாலும் தடம் போகாது. அடியில் என் கையெழுத்தை நிறுத்தி நிதானமாகப் போட்டேன். அடிக்கோல் பெருமூச்சு விட்டார்.

நான் பேனாவை மூடவில்லை.

இரண்டாம் புகைபோக்கிக்குப் பக்கத்தில் தகட்டின் கனத்தையும் அலையின் உயரத்தையும் எழுதி, ‘இங்கே பிளக்கும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து.

அவர் துணியைப் பறிக்கக் கை நீட்டினார். மை அதற்குள் இறங்கிவிட்டது.

“திருடறவங்க இதையும் சேர்த்துத் திருடட்டும் சார்.”