மணி அடிக்காத போன்

"எங்கப்பா கத்தினா என் வீட்டுல கேக்கணும். அந்த மாதிரி ஒரு போன் கொடுங்க" என்றாள் அக்கா.

கடைக்காரர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, பெரிய பட்டன் வைத்த மூன்று போன்களை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"வயசானவங்களுக்குன்னே வந்தது மேடம். எழுத்து பெருசா தெரியும். அழுத்தினா நம்பரை வாயாலயே சொல்லும்."

"சொல்றதுக்கு அந்த வீட்டுல ஆள் இருக்கு. கேக்கறதுக்குத்தான் இல்லை."

தம்பி பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவன் மனைவி ஓர் அடி பின்னால், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நடுவுல இருக்கறது போதும்" என்றான் தம்பி. "டார்ச் இருக்கு. மணியும் சத்தமா அடிக்கும்."

"அடிச்சா யார் எடுப்பா? உன் பொண்டாட்டியா? அவ போனுக்குக் கூப்பிட்டா, மாமா தூங்கறார் அண்ணிங்கறா. காலையில தூக்கம், மத்தியானம் தூக்கம். அப்பா என்ன கைக்குழந்தையா?"

தம்பி மனைவி வாயைத் திறந்தாள். தம்பி திரும்பிப் பார்த்தான். மூடிக்கொண்டாள்.

"சரி, அவரோட பழைய போன் எப்படி உடைஞ்சுது? அதையாவது சொல்லு."

"கீழ விழுந்துடுச்சு."

"கீழ விழுந்த போனா அது? சுவத்துல அடிச்ச மாதிரி தூள் தூளா கிடந்துது. நான்தான் பார்த்தேனே."

கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், இதுல இன்னொரு வசதி இருக்கு. கை நடுங்கறவங்களுக்காக வச்சது. நீங்க கூப்பிட்டா தானா எடுத்துக்கும், அவர் எதையும் அழுத்த வேண்டாம். கயிறு தர்றோம், கழுத்துல மாட்டிவிட்டுடலாம்."

"மணி அடிக்காமலே எடுக்குமா?"

"அப்படியும் வைக்கலாம். ஆனா நீங்க கூப்பிட்டதே அவருக்குத் தெரியாதே?"

"தெரிய வேண்டாம். என் நம்பருக்கு மட்டும் அப்படி வச்சுக் கொடுங்க."

தம்பி அந்தப் போனைக் கையால் தள்ளினான். "இது வேண்டாம்கா."

"ஏன், உதறுதா?"

"மாட்டுக்கு மணி கட்டற மாதிரி இருக்கு."

"மாடு வளக்கறவன் வேளைக்குத் தீனியாவது வைக்கறான். சாப்பாடு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கறாளாமே இவ? அப்பா தினமும் என்கிட்ட அழுதார். அதைப் பத்தி உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். மறுநாளே போன் உடைஞ்சுபோச்சு."

"உன்கிட்ட நல்லா பேசறார் இல்ல? அதோட விட்டுடு."

"விடறதா? வீடு அப்பா பேர்ல இருக்குடா, ஞாபகம் வச்சுக்க. தப்பா ஒரு சொல் என் காதுல விழட்டும். ரெண்டு பேரையும் பெட்டியோட தெருவுல நிக்க வைக்கறேன்."

போன் உறை பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார். தம்பி மனைவி கண்ணைத் துடைத்தாள்.

"இதுக்கொண்ணும் குறைச்சல் இல்லை" என்றாள் அக்கா.

அவள் உறையைப் பார்க்கப் போன சமயத்தில் தம்பி கடைக்காரரிடம் குனிந்து, அந்த வசதியை எடுத்துவிட முடியுமா என்று மெதுவாகக் கேட்டான். அக்காவுக்குக் காது கூர்மை.

"என்னடா குசுகுசுப்பு? அண்ணே, அவன் சொல்றதைக் கேக்காதீங்க. காசு கொடுக்கறது நான்."

அவளே கொண்டுபோய் அப்பாவின் கழுத்தில் மாட்டிவிட்டாள். "நீ ஒருத்திதாம்மா எனக்கு" என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தம்பி மனைவி அறை வாசலுக்கு வந்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தப்பாவையும் தாய்மாமாவையும் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். அப்பா பக்கத்துக்கு ஒருவர், அம்மா பக்கத்துக்கு ஒருவர். நாளைக்கு யாரும் ஒருதலையாகப் பேசிவிட்டதாகச் சொல்லக் கூடாது.

"அங்க இப்போ சாப்பாட்டு நேரம். உங்க காதாலயே கேளுங்க" என்றாள். "அப்புறம் அவங்க அந்த வீட்டுல இருக்கலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

"கேட்டுட்டு நேரா அங்கதான் போறோம்" என்றார் சித்தப்பா. சட்டைக் கையை மடித்தும் விட்டுக்கொண்டார்.

தாய்மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார், ஏதோ பார்க்கப் போகிறவர்போல.

அக்கா எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டாள். இந்தப் பக்கத்துச் சத்தம் அங்கே போகாதபடி தன் போனில் மியூட்டை அழுத்தி, நடுமேசையில் வைத்தாள். போன் எடுத்துக்கொண்டது.

நாற்காலி ஒன்று இழுபட்டது. யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு ஒரு தட்டு தரையில் விழுந்து, சுழன்று, அடங்கியது.

"கேட்டீங்களா?" என்றாள் அக்கா.

தம்பி மனைவியின் குரல் வந்தது. "இதை விட்டா வேற இல்லை மாமா."

"ராட்சசி" என்று சித்தப்பா எழுந்தேவிட்டார். அக்கா கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள். இன்னும் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது அப்பாவின் குரல். அதில் அழுகை இல்லை.

"பொறுக்குடி எல்லாத்தையும். நீ என்னைப் பட்டினி போடறேன்னு நான் சொன்னா என் பொண்ணு அப்படியே நம்புவா."