ஜாபின் அடியில் மூன்று பொட்டு

மெஷினிலிருந்து இறக்கி வைத்த ஜாபைச் செந்தாமரை புரட்டிப் போட்டாள். அடியில் மூன்று பொட்டு இருந்தது.

சந்தனம், நடுவில் குங்குமம். நசுங்கிக் காய்ந்து அலுமினியத்தோடு அப்பிக்கொண்டிருந்தது.

விரலால் ஒன்றைத் தடவிப் பார்த்தாள்.

செஞ்சியில், திண்டிவனம் ரோட்டு ஷெட்டில், பன்னிரண்டு வருஷமாக அளக்கிற வேலை அவளுக்கு. மெஷினில் கடைந்து இறங்குகிற ஒவ்வொரு ஜாபையும் அளந்து சரி, சரியில்லை என்று எழுத வேண்டும். அவள் எழுதினால் எழுதினதுதான்.

இந்த ஜாப் ஒரு பம்ப்பின் உடம்பு. எந்தப் பக்கம் பார்த்தாலும் வளைவும் குழியும். வைஸில் வைத்துப் பிடிக்க நேரான இடமே கிடையாது. அதனால் இதற்கென்றே ஒரு ஃபிக்சர் செய்தார்கள். அடியில் தாங்க மூன்று வட்டக் குமிழ், மேலே அழுத்த மூன்று கிளாம்ப். அந்தக் குமிழ்களின் மேல் தூசு துரும்பு இல்லாமல் ஜாப் உட்கார வேண்டும். ஒரு பக்கம் தலைமுடி கனம் தூக்கினாலும் போச்சு. உங்கள் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள், அந்தக் கனந்தான்.

தூக்கிவிட்டிருந்தது. மெஷின் போட்ட துளை சாய்ந்துவிட்டது. ஆர்டர் தந்த கம்பெனிக்காரன் கொடுத்தது ஒரே ஒரு வார்ப்பு. இன்னொன்று கிடையாது.

முதலாளி அரிகிருஷ்ணன் சற்று முன்னால்தான் ஷெட்டே அதிரக் கத்திவிட்டுப் போனார்.

"கிளாம்ப் இறுக்கத் தெரியாதவனுக்கு மெஷின் இன்னாத்துக்குடா? உங்க ஊரு வல்லத்துக்கே போ, கொல்லையில மல்லாட்ட புடுங்கு!"

மெஷின் ஓட்டுகிற பூபதி குனிந்து ஸ்பேனரைப் பெட்டியில் வைத்தான். எதிர்த்துப் பேசியிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும்.

"கிளாம்ப் லூஸுன்னு எழுதி வைம்மா. டீ குடிச்சுட்டு வந்து கையெழுத்துப் போடறேன். இன்னியோட இவன் வேணாம்."

எழுத உட்கார்ந்தவள், எதற்கும் அடிப்பக்கத்தை ஒருமுறை பார்ப்போமே என்றுதான் புரட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷெட்டில் பூஜை. மெஷின் கதவுக்கு, சுவிட்ச் போர்டுக்கு, ஸ்பேனர் பெட்டிக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். "புது ஃபிக்சரும்மா, அதுக்கும் வெச்சிடு" என்றார் முதலாளி. மூன்று குமிழும் பொட்டு வைக்கவே செய்த மாதிரி வட்ட வட்டமாக மினுங்கின. முதல் பொட்டுக்கு விரலில் சந்தனம் நிறைய இருந்தது. இரண்டாவதுக்குக் கொஞ்சம். மூன்றாவதுக்கு விரலில் ஒட்டியிருந்ததுதான்.

தலைமுடி கனத்தைப் பன்னிரண்டு வருஷம் அளந்தவள் அவள்.

மறுநாள் காலையில் பூபதி அதன்மேல் ஜாபை ஏற்றி இறுக்கினான். இரண்டு நாள் ஓடியது.

சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் பூபதி வேலை போகும். எதுவானாலும் முதலாளி டீ குடித்து முடிப்பதற்குள்.

காலேஜ் படிக்கிற மகளை நினைத்தாள். கறை துடைக்கிற தின்னர் பாட்டிலை எடுத்தாள்.

பொல்லாதவள் இல்லை அவள். பயந்துவிட்டாள், அவ்வளவுதான்.

துணியை நனைத்து முதல் பொட்டைத் தேய்த்தாள். கனத்த பொட்டு, லேசில் போகவில்லை. இரண்டாவது ஒரே தேய்ப்பில் போனது.

"தின்னர் பட்டா கையெரியும்க்கா."

பூபதி. சாப்பாட்டுப் பையை எடுக்க வந்திருக்கிறான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

அவள் துணியை உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டாள். அவன் ஜாபைப் பார்த்தான், மிச்சமிருந்த பொட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்குத் தெரியுமாடா?"

"ஏத்தும்போதே பார்த்தேன்க்கா. காஞ்ச பொட்டுதானே, கிளாம்ப் போட்டா நசுங்கிடும்னு நெனச்சேன்."

"தொடைச்சிருக்கக் கூடாதா? அதானேடா உன் வேலை!"

கேட்ட பிறகுதான் தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது.

பூபதி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். முடி இப்போதுதான் முள்முள்ளாக எட்டிப் பார்த்தது.

"தொடைக்கத் துணிய எடுத்துட்டேன்க்கா. அதுக்கு மொத நாள்தான் நைனாவோட காரியம். அம்மா நெத்தியில பொட்ட அழிச்சப்ப பக்கத்துலதான் நின்னேன்." கொஞ்சம் நிறுத்தினான். "கை வரல. முதலாளிகிட்ட இதப் போய் எப்படிக்கா சொல்றது?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வல்லம் பஸ்ஸைப் பிடிக்க வாசலைப் பார்த்து நடந்தான்.

வெளியே முதலாளியின் பைக் வந்து நின்றது.

செந்தாமரை துணியை மூன்றாவது பொட்டின் மேல் கொண்டுபோனாள். சந்தனம் போதாமல் விழுந்த பொட்டு. குங்குமந்தான் பெரிதாகத் தெரிந்தது. லேசாக ஒரு தேய்ப்பு, போய்விடும்.

துணி அங்கேயே நின்றது.

"பூபதி, அந்த பஸ் போவட்டும். நில்லுடா."

செருப்புச் சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜாபை அவள் திருப்பிப் போடவில்லை.