முதல் தோட்டா

"வேணாங்கய்யா. எனக்கு வேணாம்."

மாதன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

தமிழ்வேந்தனுக்குச் சுர்ரென்று ஏறியது. மச்சான் ராமசாமி நீட்டிக்கொண்டிருந்தது சாதாரணப் பொருளா? அவருடைய அப்பா காலத்து ரிவால்வர். ரிஷிவந்தியத்தில் அந்த வீட்டுக்கு மருமகனாகப் போன நாளிலிருந்து தமிழ்வேந்தன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருநாளும் தொட்டதில்லை. கை நீட்டினாலே, "வச்சிடு மாப்ள, உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்பார் மச்சான்.

தங்கச்சி புருஷனுக்கே கிடையாது. அதை இன்றைக்குக் கல்வராயன் மலைக்கு எடுத்துவந்து, மரவள்ளிக் காட்டுக்குக் காவல் இருக்கிறவனிடம் நீட்டுகிறார். அவன் வேண்டாம் என்கிறான்!

"இன்னாடா வேணாம்?" ராமசாமி சிரித்தார். "பன்னிங்க பூந்து கெழங்கையெல்லாம் கெளறிப் போட்டுக்கினு கீது. தோ, அந்த ஓடைப் பொதர்லதான் படுத்துக்கினு இருக்கும். மேல பாத்து ஒரு வேட்டு போடு. சத்தத்துக்கே ஓடிடும்."

"நீங்களே போடுங்கய்யா."

"நான் எப்பவும் போடறதுதான். இன்னிக்கு உனக்கு மரியாத."

"லைசன்ஸு உங்க பேர்லங்க. நாட்டுத் துப்பாக்கி வச்சிருந்தான்னு எங்க அண்ணன புடிச்சிக்கினு போனாங்க. கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு நடந்து நடந்தே வூடு நொடிஞ்சி போச்சிங்க."

"மொதலாளியே குடுக்கறாரு, எவன்டா வந்து கேப்பான்?" தமிழ்வேந்தன் குறுக்கே பாய்ந்தார். "வாங்குடா!"

குடிசை வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த மாதனின் மனைவி சாமியம்மாள், முறத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

இவனுக்காகவா மச்சான் இவ்வளவு மெனக்கெட்டார் என்று தமிழ்வேந்தனுக்கு ஆத்திரமாக வந்தது. காலையில் ஜீப்பில் வரும்போதுதான் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார் ராமசாமி.

"வழக்கமா போடறதவிடக் குட்டையா கீதே மச்சான்?" என்று இவர் கேட்டார்.

"இதுவும் அதே முப்பத்திரண்டு சைஸுதான் மாப்ள. ரிவால்வர் தோட்டா கடைக்கு வந்தே மாசக்கணக்காவுது. இது தெரிஞ்சவர்கிட்ட சொல்லி வாங்கனது. உள்ள போவுது இல்ல? அப்புறம் இன்னா?"

அப்படித் தேடி வாங்கிவந்து மரியாதை செய்தால், இவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"இதோ பார்றா," என்றார் தமிழ்வேந்தன். "நீ இப்ப சுடலன்னா நாளைக்குக் காவலுக்கு வேற ஆள் வருவான். சட்டி பானையெல்லாம் எடுத்துக்கினு கெளம்பிக்கினே இரு."

அது மச்சானின் காடு. மச்சானின் வேலையாள். ஆனாலும் ராமசாமி தடுக்காமல் ரிவால்வரை இன்னும் கிட்டே நீட்டினார்.

சாமியம்மாளின் முகம் செத்துப்போயிற்று. "வாங்கிக்கய்யா," என்றாள் புருஷனிடம். "புள்ளைங்கள இட்டுக்கினு எங்க போறது?"

மாதன் வாங்கினான்.

"அப்பிடித்தான். கைய மேல தூக்கு. நல்லா இறுக்கிப் புடி," என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்த ராமசாமி, ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "ம்... போடு!"

மாதனின் கை வானத்தைப் பார்த்து நின்றது. கண்களை இறுக்க மூடியிருந்தான். விரல் விசையைத் தொட்டதே தவிர அழுத்தவில்லை.

"போடுடா!" என்று கத்தினார் தமிழ்வேந்தன்.

"முடியலங்கய்யா. பயமா கீது."

"தொடநடுங்கிப் பயலே! இவனுக்கெல்லாம் மரியாத ஒரு கேடு. குடுடா இங்க!"

பிடுங்கிய வேகத்தில் மாதன் தடுமாறிப் பின்னால் போனான். தமிழ்வேந்தன் ரிவால்வரை மேலே தூக்கினார். இத்தனை வருஷம் கழித்துக் கைக்கு வந்திருக்கிறது. விசையில் விரலை வைத்தார்.

"மாப்ள! மாப்ள! வேணாம்!"

வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார் ராமசாமி. தமிழ்வேந்தனின் மணிக்கட்டைப் பிடித்து, விரலை விலக்கி, ரிவால்வரைப் பறித்துக்கொண்டார்.

தமிழ்வேந்தனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"காவக்காரன் தொடலாம், நான் தொடக்கூடாதா? உங்க தங்கச்சியக் கட்னவன் இவனுக்கும் கீழ போயிட்டேனா மச்சான்? சொல்லுங்க!"

"புரியாம பேசாத மாப்ள." ராமசாமிக்கு மூச்சு வாங்கியது. குரலைத் தாழ்த்திக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. "அது பிஸ்டல்ல போடற தோட்டா. ரிவால்வர்ல நொழையும், ஆனா வேகம் ஜாஸ்தி. பழைய ரிவால்வர் தாங்காது, கையிலயே வெடிச்சாலும் வெடிக்கும்னு குடுத்தவரே சொன்னாரு. அதான் மொதல்ல அவன உட்டுப் பாத்துடலாம்னு... நீ போயி அத எடுக்கறியே! உனக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா என் தங்கச்சிக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

ஓடைப் பக்கம் எதுவோ புதரை அசைத்துக்கொண்டு போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாமியம்மாள் எழுந்து வந்தாள். மாதனின் வலது கையை எடுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு, ராமசாமியைப் பார்க்காமல் தமிழ்வேந்தனைப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கும் ஒரு அண்ணன் கீறாருங்கய்யா. அவருக்கு இன்னா பதில் வச்சிருந்தீங்க?"